பதினொரு பேர் சொன்ன பெயர்

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் குடியிருந்த பதினொரு பேர் என்னை நம்பித் தங்கள் கைப்பேசிகளை என்னிடம் கொடுத்தார்கள். தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி அவளுக்கு வாக்களிக்கச் சொன்னார்கள். நான் பதினொரு வாக்குகளையும் அவளோடு போட்டியிட்ட இளைஞருக்குப் போட்டேன். பிறகு ஒவ்வொருவரிடமும் கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்து, "ஆச்சு" என்றேன்.

படிப்பவர்களில் சிலர் சிரிக்கக்கூடும். பாட்டுப் போட்டிதானே என்று நானும் நெடுநாள் எனக்கே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் முப்பத்தொரு ஆண்டுகள் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தவன். அந்த வேலையில் சாட்சி "நான் பார்த்தேன்" என்றால் மொழிபெயர்ப்பாளரும் "நான் பார்த்தேன்" என்றுதான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். அவன் பொய் சொல்கிறான் என்று தெரிந்தாலும் அந்தப் பொய்யை அப்படியே கொண்டுபோய் நீதிபதி முன்னால் வைக்க வேண்டும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது. தூக்குத் தண்டனை வழக்குகளில்கூட நான் ஒரு சொல்லை மாற்றியதில்லை. ஓய்வு பெற்ற பிறகு, கேட்பார் இல்லாத இடத்தில், மாற்றினேன்.

எங்கள் புளோக் சிங்கப்பூரின் கிழக்கே தெம்பனிஸில் இருக்கிறது. கீழ்த்தளத்தில் இரண்டு கல் மேசைகள். மாலை நாலரைக்கு மேல் வெயில் சாய்ந்ததும் வயதானவர்கள் ஒவ்வொருவராக இறங்கி வந்து உட்காருவார்கள். பெரும்பாலும் துப்புரவு வேலையும் பட்டறை வேலையும் செய்து பிள்ளைகளை ஆளாக்கியவர்கள். கைப்பேசியில் எது வந்தாலும் என் பக்கம் நீட்டுவார்கள். மருத்துவமனை முன்பதிவு, ஏமாற்றுக்காரர்கள் அனுப்பும் குறுஞ்செய்தி, பேரப்பிள்ளையின் காணொளி எல்லாமே என் கைக்கு வரும். படித்தவர், நீதிமன்றத்தில் இருந்தவர் என்ற மரியாதை. எனக்கும் அது பிடித்திருந்தது.

பாட்டுப் போட்டி வந்தபோது வாக்களிப்பதும் என் வேலை ஆயிற்று. இணையப் பக்கத்துக்குப் போய், எண்ணைத் தட்டி, குறுஞ்செய்தியில் வரும் ஆறு இலக்கத்தை இரண்டு நிமிடத்துக்குள் உள்ளிட்டு, போட்டியாளரின் படத்தைத் தொட வேண்டும். எண்ணுக்கு ஒரு வாக்கு. அவர்களில் யாருக்கும் அது கைவரவில்லை. காலிறுதிக்கும் அரையிறுதிக்கும் நான் அவர்கள் சொன்னபடியே செய்தேன்.

அவர்கள் சொன்ன பெண் எங்கள் புளோக்கின் பிள்ளை, என் நண்பரின் பேத்தி. நண்பர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைச் சார் என்பார். செம்பவாங் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்துக் கண் பாதி போனவர். மகள் வீட்டோடு ஏழாவது மாடியில் இருந்தார். நானும் என் மனைவியும் நான்காவது மாடி. பேத்தி சின்ன வயதிலிருந்தே என்னைச் "சார் தாத்தா" என்றுதான் கூப்பிடுவாள். அப்போது அவள் பலதுறைத் தொழிற்கல்லூரியில் கணக்கியல் கடைசி ஆண்டு படித்துக்கொண்டிருந்தாள். பாட்டை முறையாகக் கற்றதில்லை. கோயில் பஜனையிலும் பள்ளி விழாக்களிலும் பாடிப் பாடி வந்த குரல்.

அவளுக்கு இசைக் கல்லூரியில் சேர ஆசை. பேருந்து ஓட்டுநரான அவள் அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார். "ஜெயிச்சா பாட்டுப் படிக்கப் போ. இல்லன்னா பேசாம வேலைக்குப் போ." அவர் கெட்டவர் இல்லை, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பா, விடிகாலை நாலு மணிக்கு எழுந்து போகிறவர். இந்த நிபந்தனையை நண்பர் மின்தூக்கிக்குக் காத்திருந்தபோது என்னிடம் சொன்னார். ஆகவே அந்த வாக்குகளில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியாது என்று நான் சொல்ல முடியாது.

அவளை எதிர்த்து இறுதிச் சுற்றுக்கு வந்தவர் திருச்சியிலிருந்து இங்கே வந்து நான்கு ஆண்டுகள் ஆன கணினித் துறை இளைஞர். ஐந்து வயதிலிருந்து சங்கீதம் பயின்றவர். நிரந்தரவாசத் தகுதி கிடைத்திருந்ததால் போட்டியில் சேர முடிந்தது. இரண்டு மாதம் தமிழ் பேசும் இடமெல்லாம் இதே பேச்சாக இருந்தது. சிராங்கூன் சாலையில் ஒரு பூக்கடைக்காரர் அந்தப் பெண்ணின் படத்தைக் கடை முகப்பில் ஒட்டினார். இரண்டு கடை தள்ளி மளிகைக் கடையில் வேலை பார்த்த தமிழ்நாட்டுப் பிள்ளைகள் மறுநாளே அந்த இளைஞரின் படத்தை ஒட்டினார்கள். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் என் அண்ணன் மகன், இங்கே பிறந்தவர்களுக்கு இனி மேடையே கிடைக்காது என்று எழுதினான். என் மகள், அப்படியானால் உன் தாத்தாவின் அப்பா எங்கே பிறந்தார் என்று கேட்டாள். அவன் குழுவை விட்டே போய்விட்டான். அவனைத் திரும்பச் சேர்க்க என் மனைவிக்குத் தீபாவளி வரை ஆயிற்று.

எனக்கு அந்த இளைஞரைத்தான் பிடித்தது. என் தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து குமாஸ்தா வேலைக்கு மலாயா வந்தவர். எங்கள் வீட்டில் சங்கீதம் என்றால் சுருதிப் பெட்டி முன்னால் சம்மணமிட்டுப் பாடுவது. சினிமாப் பாட்டு குளியலறையோடு சரி. அந்த வளர்ப்பு எனக்குள் ஒரு திமிரை விட்டுச் சென்றிருந்தது. அந்தப் பெண் பாடினால் என் காது முதலில் பிழையைத் தேடும். அதே மாதிரி வளர்ப்புதான் என் மனைவிக்கும். ஆனால் அவள் சொன்னது வேறு.

"இஞ்சேருங்கோ, சுருதி விலகினா விலகட்டும். அவள் பாடேக்க நான் அடுப்பை நிப்பாட்டிப்போட்டு வந்து இருந்தனான். அந்தப் பெடியன் பாடேக்க வெங்காயம் முழுக்க வெட்டி முடிச்சனான்."

நான் தேர்ந்த ரசனை, பாமர ரசனை என்று ஏதோ பேசினேன். அவள் எழுந்து போய்விட்டாள்.

இறுதிச் சுற்றுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல நாங்கள் ஐந்து பேர் தேக்கா உணவங்காடியில் காலைப் பசியாறிக்கொண்டிருந்தோம். நண்பர் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். எங்களில் ஒருவர் முன்பு தபால்காரராக இருந்தவர். அந்தப் பையன் வந்து நாலு வருஷம்தான் ஆகிறது, அதற்குள் நம்ம பரிசையும் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா என்று அவர் ஆரம்பித்தார். போட்டி பாட்டுக்கா, அடையாள அட்டைக்கா என்று நான் கேட்டேன். பிறகு விளக்கம் தொடங்கினேன். மேல் ஸ்தாயிக்குப் போகும்போது அந்தப் பெண்ணுக்குச் சுருதி இறங்குகிறது, மூச்சு போதவில்லை, குரலில் உணர்ச்சி இருக்கிறது, பயிற்சி இல்லை. நீளமாகத்தான் விளக்கினேன். அவளுடைய தாத்தா தோசையைப் பிய்த்தபடி கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் நிறுத்தவில்லை.

நண்பர் தட்டிலிருந்து தலையை எடுக்காமலே சொன்னார். "சார் பேசுனா தீர்ப்பு மாதிரிதான் லா இருக்கு. ஆனா சார் என்ன ஜட்ஜா? ஜட்ஜு சொன்னதத் தமிழ்ல சொன்னவரு."

மேசையே சிரித்தது. கோப்பி கொண்டுவந்த கடைக்காரரும் சிரித்தார். "அதுவும் கைதிக்கு" என்று தபால்காரர் சேர்த்தார். நானும் சிரித்தேன்.

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கென்று ஒரு கருத்து இருக்கக் கூடாது என்பதுதான் என் வேலை. முப்பத்தொரு ஆண்டுகள் மற்றவர்கள் பேச, நான் அவர்கள் வாயாக இருந்தேன். எது நியாயம் என்று யாரும் என்னைக் கேட்டதில்லை. அந்தச் சிரிப்பு என்னை அங்கேயே கொண்டுபோய் நிறுத்தியது. நண்பருக்கு நான் புண்பட்டது தெரியவே இல்லை. சாப்பிட்டு எழுந்ததும் பேத்தியின் தொண்டைக்கு அதிமதுரம் வாங்க வேண்டும் என்று என்னை இழுத்துக்கொண்டு போனார். பொட்டலத்தை என் பையில் போட்டுக்கொள்ளச் சொன்னார். வீடு வரை நான்தான் சுமந்து வந்தேன்.

மறுநாள் வாக்களிப்புத் தொடங்கியது. மாலையில் முதலில் கைப்பேசியை நீட்டியவர் எங்கள் மாடியிலேயே, மூன்று வீடு தள்ளி இருந்த அம்மா. "நம்ம பிள்ளைக்குப் போட்டுருங்க சார்" என்றார். எண்ணைத் தட்டினேன். ஆறு இலக்கம் வந்தது. இரண்டு படங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. என் விரல் அந்த இளைஞரின் படத்தைத் தொட்டது. திட்டமிட்டேன் என்று சொல்ல முடியாது. கை தவறியது என்றும் சொல்ல மாட்டேன். நன்றி சொல்லும் பக்கத்தில் அவர் படம் பெரிதாக வந்தது. அதை மூடிவிட்டு நீட்டினேன்.

"ஆச்சா சார்?"

"ஆச்சு."

சாட்சிக் கூண்டில் நிற்பவர்கள் இப்படிச் சொல்வதை ஆயிரம் முறை கேட்டிருக்கிறேன். சொல்லில் பொய் இருக்காது. சொல்பவரிடம் இருக்கும்.

முதல் நாள் இரண்டு பேர். அடுத்த நாள் நான்கு. நான்காம் நாளுக்குள் பத்துப் பேர் ஆகிவிட்டார்கள். ஒவ்வொரு முறையும் தகுதிதான் வெல்ல வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு முறையும் அது எளிதாகிக்கொண்டே வந்தது. என் சொந்த வாக்கும் அந்த இளைஞருக்குத்தான். அது என் உரிமை. அதைப் பற்றி எனக்கு வருத்தம் இல்லை.

பதினோராவது கைப்பேசி நண்பருடையது.

எல்லாரும் போட்டு முடித்த பிறகுதான் போடுவேன் என்று அவர் தள்ளிப்போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மாலை வந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, என் தோளோடு ஒட்டி உட்கார்ந்தார். அந்தச் சின்னத் திரையில் அவருக்குப் படம் தெரியாது, வெளிச்சம் மட்டும் தெரியும். இங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். பத்தோடு விட்டிருக்கலாம். நிறுத்தினால் முந்தைய பத்தும் தவறு என்று ஆகிவிடும் என்று அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது. அவர் பேத்திக்கு எதிராக அவர் வாக்கையே போட்டேன். அவர் திரையை இரண்டு விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

சனிக்கிழமை மாலை இறுதிச் சுற்றை ஏழாவது மாடியில் நண்பர் வீட்டில் பார்த்தோம். நாற்காலி போதாமல் பாதிப் பேர் தரையில். நடுவர்களின் மதிப்பெண்ணில் இருவரும் ஏறக்குறைய சமம் என்றும் மீதியை நேயர்களின் வாக்கு முடிவு செய்யும் என்றும் அறிவிப்பாளர் சொன்னார். பிறகு, மிகச் சிறிய வித்தியாசம் என்றார். எவ்வளவு என்று சொல்லவில்லை. அந்த இளைஞர் வென்றார். அந்தப் பெண் மேடையில் நின்று அவருக்காகக் கை தட்டினாள், சிரித்தாள். அவள் அப்பா எழுந்து வேலைக்கு உடுத்தும் சட்டையைத் தேய்க்கப் போனார்.

மறுநாள் நண்பர் வாக்களித்த எல்லார் வீட்டுக்கும் வடை எடுத்துக்கொண்டு போய் நன்றி சொன்னார். எங்கள் வீட்டுக்கு மட்டும் இரட்டைப் பங்கு. "நம்ம புளோக்குல ஒரு ஓட்டுகூட மாறல சார். வெளிய உள்ளவங்கதான் கைவிட்டுட்டாங்க." இதைப் பிறகு எத்தனை முறை சொல்லியிருப்பார் என்று எண்ணிக்கை இல்லை. கீழ்த்தளத்தில் சொல்வார், தேக்காவில் சொல்வார், ஊர் பேர் தெரியாதவரிடம் பேருந்தில் சொல்வார். சொல்லி முடித்து என்னைப் பார்ப்பார். நான் தலையாட்டுவேன்.

அந்தப் பெண் படிப்பை முடித்துத் தஞ்சோங் பகாரில் ஓர் அலுவலகத்தில் கணக்கு வேலைக்குச் சேர்ந்தாள். பஜனைக்குப் போவதையும் விட்டாள். கேட்டால் நேரமில்லை என்றாள்.

முதல் ஓராண்டு நான் தகுதிக்குத் துணை நின்றேன் என்றே நம்பினேன். ஒருநாள் மதியம், மனைவி தூங்கிக்கொண்டிருந்தபோது, இணையத்தில் அந்த இறுதிச் சுற்றைத் திரும்பப் போட்டுக் கேட்டேன். நான் சொன்னது சரிதான். மேலே போகும்போது அவளுக்குச் சுருதி இறங்கத்தான் செய்கிறது. அவர்தான் நன்றாகப் பாடியிருந்தார். அதுவரைக்கும் நிம்மதியாக இருந்தது. பிறகு, தேக்காவில் யாரும் சிரிக்காமல் இருந்திருந்தால் அந்தப் பதினொரு கைப்பேசிகளில் என்ன செய்திருப்பாய் என்று என்னையே கேட்டேன். சொன்னபடி செய்திருப்பேன். காலிறுதியிலும் அரையிறுதியிலும் செய்தேனே. அப்போதும் அந்த இளைஞர் போட்டியில் இருந்தார், அப்போதும் அவர்தான் நன்றாகப் பாடினார். நான் இசைக்காக எதையும் செய்யவில்லை. ஒரு கிழவர் தன் பேத்திக்காகப் பொறுக்காமல் சொன்ன ஒரு கிண்டலுக்குப் பழிவாங்கினேன்.

சொல்லாமலே சரிசெய்யப் பார்த்தேன். எனக்குத் தெரிந்த சங்கீத ஆசிரியை ஒருவரிடம் அந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அப்பாவிடம் போய், பிள்ளையைப் பாட விடுங்கள், வேலையோடு வேலையாகப் படிக்கட்டும் என்று பேசினேன். நான் தடுக்கலையே சார், அவளேதான் வேணாங்கிறா என்றார் அவர். எனக்காக அவள் அந்த ஆசிரியையிடம் இரண்டு சனிக்கிழமை போனாள். மூன்றாவது வாரம் போகவில்லை.

போன ஆண்டு எங்கள் மாடியில் இருந்த அந்த அம்மா இறந்துபோனார். அந்தப் பதினொரு பேரில் இறந்தவர்களில் அவர் இரண்டாவது. கீழ்த்தளத்தில் பந்தல் போட்டிருந்தார்கள். நண்பர் தடியூன்றி வந்து, அந்த அம்மாவின் மகன் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மா என் பேத்திக்கு ஓட்டுப் போட்டவங்க தம்பி. நான் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்" என்றார். மகன் அழுதான். நான் பக்கத்தில் நின்றேன். பிணத்தின் முன்னால் ஒரு பொய்ச் சாட்சியம் பதிவாகிறது. அதைக் கொண்டுவந்து சேர்த்தவன் நான்.

அடுத்த நாள் காலை கல் மேசையில் நண்பர் தனியாக இருந்தபோது சொன்னேன். நீட்டி முழக்கவில்லை. இறுதிச் சுற்றில் எல்லாருடைய வாக்கையும் நான் அந்தப் பையனுக்குப் போட்டேன், தேக்காவில் நீங்கள் சொன்னது மனதில் தைத்துவிட்டது, அதுதான் காரணம், வேறு இல்லை என்றேன்.

அவருக்குத் தேக்காவில் என்ன சொன்னார் என்பதே நினைவில்லை. நான்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"என் போனையுமா?"

"ஆமாம் அண்ணே."

எழுந்தார். நான் தாங்கப் போனேன். கையைத் தட்டிவிடவில்லை, ஆனால் பிடித்துக்கொள்ளவும் இல்லை. மின்தூக்கி வரை தனியாகவே நடந்து போனார்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் ஆச்சரியப்படவில்லை. "எனக்கு அண்டைக்கே ஏதோ எண்டு தெரியும். முடிவு சொல்லேக்க எல்லாரும் டிவியைப் பாத்தவை. நீங்கள் தரையைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்."

இரண்டு நாள் கழித்து நண்பர் எங்கள் வாசலுக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னதற்குத் தலையசைத்துவிட்டு இரும்புக் கதவுக்கு வெளியிலேயே நின்றார். "மத்தவங்ககிட்டயும் சொல்லிடுங்க. பிள்ளைகிட்டயும் சொல்லுங்க. நான் சொல்ல மாட்டேன்." அவ்வளவுதான்.

அன்று மாலையே கீழ்த்தளத்துக்குப் போனேன். மனைவியும் கூடவே வந்து கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். எட்டுப் பேர் இருந்தார்கள். நின்றுகொண்டுதான் சொன்னேன். முதலில் யாருக்கும் புரியவில்லை. எந்தப் போட்டி என்று ஒருவர் கேட்டார். புரிந்ததும் பல குரல் ஒன்றாக எழுந்தது. மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்த ஓர் அம்மா தன் கைப்பேசியை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "எழுதப் படிக்கத் தெரியாததுக்கு இதுவும் பட வேண்டியிருக்கு" என்றார். அவர் என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. இன்னொருவர், பாட்டுப் போட்டிக்குப் போய் இவ்வளவா, விடுங்க சார் என்று முடிக்கப் பார்த்தார். அவரை அந்த அம்மா அடக்கினார்.

தொண்ணூறு வயதை நெருங்கிக்கொண்டிருந்த ஒரு பெரியவர், எனக்கும் அந்தப் பையன் பாட்டுத்தான் பிடிச்சுது, நம்ம புளோக்குப் பிள்ளை இருக்கும்போது வெளியில் சொல்ல வெட்கமாயிருந்தது, அதான் அவ பேரைச் சொன்னேன் என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். எனக்கு அதில் ஆறுதல் கிடைக்கவில்லை. அவர் மனதில் ஒன்றை வைத்து வாயில் வேறொன்றைச் சொன்னார். அது அவர் விருப்பம். அவர் வாயிலிருந்து வந்ததைக் கொண்டுபோக வேண்டியதுதான் என் பொறுப்பு.

அந்தப் பெண்ணைப் பார்க்கத் தஞ்சோங் பகாருக்கு அந்த வாரமே போனேன். மதிய உணவு நேரத்தில் அலுவலகத்துக்குக் கீழே, மரத்தடி பெஞ்சில் என்னோடு உட்கார்ந்தாள். கழுத்தில் அலுவலக அட்டை. உங்களுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று முதலில் பதறினாள். நான் சொல்லச் சொல்ல, கொண்டுவந்திருந்த உணவுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பதினோரு ஓட்டுலயா சார் தாத்தா நான் தோத்தேன்?"

தெரியாது என்றேன். எவ்வளவு வித்தியாசம் என்று அவர்கள் சொல்லவில்லை, இனித் தெரிய வழியும் இல்லை.

"அவர் என்னைவிட நல்லாப் பாடினாரா?"

இங்கே பொய் சொல்ல எனக்கு ஆசையாக இருந்தது. "ஆமாம்" என்றேன்.

தலையாட்டினாள். "எனக்கும் தெரியும். அதனாலதான் ரிசல்ட்ட ஒத்துக்கிட்டேன். ஜனங்களும் அப்படித்தான் நினைச்சிருக்காங்க, ஓகே, முடிஞ்சுதுன்னு க்ளோஸ் பண்ணிட்டேன். நீங்க உங்க ஓட்ட அவருக்குப் போட்டதுல எனக்கு ஒன்னும் இல்ல தாத்தா. ஆனா இப்ப வந்து, ஒருவேளை நீ ஜெயிச்சிருப்பேங்கறீங்க. இத வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

நான் மன்னிப்புக் கேட்டேன். அவள் மன்னித்தேன் என்றோ மாட்டேன் என்றோ சொல்லவில்லை. நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், வெயில் அதிகமாக இருக்கிறது, பேருந்துக்கு நிற்காதீர்கள், எம்ஆர்டி ரயிலில் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பிரிக்காத பொட்டலம் அவள் கையிலேயே இருந்தது.

பிறகு நடந்ததை அவள் அப்பாதான் மின்தூக்கியில் சந்தித்தபோது சொன்னார். அவர் என் மேல் கோபப்பட்டு ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். தன் மேலேயே கோபமாக இருந்தார். நான் வச்ச பந்தயமே தப்பு சார், பிள்ளையோட வாழ்க்கைய ஊரார் கையில கொடுத்துட்டேன் என்றார். அந்தப் பந்தயம் இல்லை என்று வைத்துக்கொள், இப்போதே போய்ச் சேர் என்று மகளிடம் சொன்னாராம். அவள் கேட்கவில்லையாம். இத்தனை பேர் வருத்தப்படுகிறார்கள் என்பதற்காகப் பாடப் போக முடியாது, எனக்கே பாட வேண்டும் என்று தோன்றினால் போகிறேன் என்றாளாம். இதை எழுதும் நாள் வரை அவளுக்கு அப்படித் தோன்றியதாகத் தெரியவில்லை.

ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால் அவளுக்காவது நிம்மதி மிஞ்சியிருக்கும் என்று சில நாள் நினைக்கிறேன். அந்த அம்மாவின் பந்தலை நினைத்தால், சொன்னதுதான் சரி என்று தோன்றுகிறது. இரண்டையும் சேர்த்துத் தீர்ப்புச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

நண்பர் நான்கு மாதம் தேக்காவுக்கு வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை தபால்காரர் போய் அழைத்து வந்தார். என் எதிரே இருந்த நாற்காலியை விட்டுவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அப்படி உட்கார்ந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க வேண்டியதில்லை. இப்போது வாரம் தவறாமல் வருகிறார். சர்க்கரை அளவு, கண் அறுவைக்கான தேதி, மழை, இவற்றைப் பற்றியெல்லாம் பேசுகிறோம். சார் என்றுதான் கூப்பிடுகிறார். பக்கத்துக் கடை வானொலியில் ஏதாவது பாட்டு வந்தால் மட்டும், கை கழுவி வருகிறேன் என்று தடியை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறார். பாட்டு முடிந்த பிறகு வருகிறார். அவர் கோப்பி ஆறிப்போயிருக்கும். வேறு சொல்லட்டுமா அண்ணே என்று கேட்பேன். வேணாம், இதுவே போதும் என்று அதையே குடிப்பார்.